வெளிப்பக்கக் கொண்டி

சண்முகத்தாய் அன்றைக்குத் தண்ணீர் குடித்தாக வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையில் காய் விற்கிற பெண்பிள்ளைக்கு அது லேசான காரியமில்லை.

சந்தை நாளில் விடியக் கிளம்பும்போது குடித்த நீராகாரம்தான். பொழுது சாய்ந்து வீட்டு வாசலை மிதிக்கிற வரைக்கும் ஒரு சொட்டு உள்ளே போகாது. வெற்றிலையைக் குதப்பிக் குதப்பி எச்சிலை ஊறவைத்துக்கொள்வார்கள். மோர்க்காரி எதிரே வந்து நின்றால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். புதிதாகச் சந்தைக்கு வருகிற மருமகளுக்குத் தராசு பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

முன்பெல்லாம் இவ்வளவு கெடுபிடி இல்லை. சந்தைக்குப் பின்னால் ஓடைக்கரையில் கருவேலங்காடு அடர்ந்து கிடந்தது. முள் குத்தும், பாம்பு கிடக்கும், இருந்தாலும் மறைவு. சீமை மகாராணி செத்துப்போனதைத் தமுக்கடித்துச் சொன்ன வருஷம் ஊரில் வாந்திபேதி வந்தது. வெள்ளைக்கார டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஓடைக்கரையைச் சுத்தம் பண்ணச் சொல்லிவிட்டுப் போனார். முனிசிபாலிட்டிக்காரர்கள் ஒரு மரம் விடாமல் வெட்டினார்கள். அந்த இடத்தில் கக்கூஸ் கட்டினார்கள். செங்கல் சுவர், பளீரென்று சுண்ணாம்பு, மேலே நாட்டு ஓடு. ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். சுற்று வட்டாரத்தில் இப்படி ஒன்று எந்தச் சந்தையிலும் இல்லை என்று ஊரே பெருமைப்பட்டது.

பெண்கள் வாசல் நேராக வண்டிப்பேட்டையைப் பார்த்து இருந்தது.

வண்டிப்பேட்டை என்றால் லேசுப்பட்டதா! ராஜபாளையத்துப் பஞ்சு வண்டி, சோழபுரத்து நெல் வண்டி, வத்திராயிருப்புத் தேங்காய் வண்டி என்று முப்பது வண்டிக்குக் குறையாமல் அவிழ்த்துப் போட்டிருக்கும். வண்டிக்காரர்களுக்குப் பொழுது சாய்கிற மட்டும் வேலை கிடையாது. புளியமரத்து நிழலில் ஆடுபுலி ஆட்டம் ஓடும். ஒரு பெண் அந்த வாசலில் கால் வைத்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். சோழபுரத்துப் பேச்சிமுத்துதான் முதலில் குரல் கொடுப்பான். “ஒண்ணு...” அப்புறம் எல்லாரும் சேர்ந்து, “ரெண்டு... மூணு...” அவள் வெளியே வருகிற வரைக்கும் எண்ணுவார்கள். எந்த எண்ணில் வருவாள் என்று பந்தயம் வேறு. தோற்றவன் வெற்றிலை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஒரே மாதம். அதற்கப்புறம் ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை. கதவைத் திறந்து கூட்டுவதற்கென்று வைத்திருந்த ஞானபாக்கியம் யாரும் மிதிக்காத தரையைத் தினமும் கூட்டிவிட்டுப் போனாள்.

கேட்காமலும் இல்லை. சண்முகத்தாயும் அவளுக்குப் பக்கத்தில் பாய் விற்கிற நூர்னிசாவும் முனிசிபாலிட்டி ஓவர்சியர் தங்கச்சாமியிடம் போய் நின்றார்கள்.

“ஐயா, அந்த வாசலை ஓடைப்பக்கமாத் திருப்பிவச்சா என்ன?” என்று கேட்டாள் நூர்னிசா.

“திருப்பிவச்சா, பாக்க வாற வெள்ளக்காரத் தொரைக்கு எப்படித் தெரியும்? அவரு ரோட்டுல குதிரையில வருவாரு. பொம்பளைகளுக்குன்னு தனியாக் கட்டினது அவரு கண்ணுல படவேண்டாமா?”

“தொரையா வந்து உக்காரப் போறாரு?”

தங்கச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடக்கிக்கொண்டார்.

“கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டியாவது வைங்கய்யா. வெளிய மட்டும்ல வச்சிருக்கு,” என்றாள் சண்முகத்தாய்.

“ராத்திரி பூட்டிட்டுப் போகணும்லா, அதுக்கு வெளிய. உள்ளேயும் வச்சா நீங்க நாலு பேரு சாத்திட்டுப் படுத்து ஒறங்குவிய.”

அடுத்த சந்தைக்கு நூர்னிசா தன் பாய் ஒன்றை அந்த வாசலுக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டுக் கட்டிப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் அது பிய்ந்து ரோட்டில் கிடந்தது. சர்க்கார் கட்டிடத்தை மறைக்கக் கூடாதாம்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது சண்முகத்தாய்க்கு ஆறாவது மாதம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவை பத்து நாளாக நீர்க்கடுப்பு. அடிவயிற்றில் நெருப்புக் கங்கை வைத்துக் கட்டினதுபோல் எரிச்சல். முந்தாநாள் காய்ச்சலும் கண்டது. மருத்துவச்சி கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“நாள்பூரா அடக்கி வச்சா அது எங்க போகும்? தண்ணி குடி. நாழிகைக்கு ஒரு செம்பு குடி. வந்தா ஒடனே போ. இல்லைன்னா இந்தச் சூடு பிள்ளைக்குப் போயிரும். ரெண்டாந்தடவ எங்கிட்ட அழுதுக்கிட்டு வராத.”

வன்னியம்பட்டித் தோட்டத்தில் கத்திரிக்காய் முற்றிக்கொண்டு இருந்தது. சந்தைக்கு வராமல் இருக்க முடியாது. புருஷன் சௌந்தரபாண்டியனிடம் மருத்துவச்சி சொன்னதைச் சொன்னாள். அவன் வாயில்லாப் பூச்சி ஒன்றுமில்லை. வண்டி வைத்திருக்கிறவன், பேட்டையில் நாலு பேர் மதிக்கிறவன். அவளை அடித்ததும் கிடையாது.

“தண்ணியக் குடி. நானா வேண்டாங்கேன்? ஆனா அந்த வாசல்ல மட்டும் ஏறிராத தாயி. நீ உள்ள இருக்க, அவனுவ எண்ணுதானுவன்னா, நான் அந்தப் பேட்டையில எப்படி உக்காருவேன்?”

“பொறவு எங்க போவ?”

அவன் மாட்டைப் பூட்டப் போய்விட்டான்.

அன்றைக்குச் சந்தையில் உட்கார்ந்ததும் சண்முகத்தாய் செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தாள். சுற்றி இருந்த பெண்கள் வாயில் வெற்றிலையோடு அவளையே பார்த்தார்கள். அவள் அரிவாளை எடுத்துத் தன் கழுத்திலேயே வைத்துக்கொண்டாற்போல் ஒரு பார்வை. இரண்டாவது செம்பும் குடித்தாள். வெயில் ஏறியது. தராசைத் தூக்கினால் வயிறு சுண்டி இழுத்தது. ஒருத்திக்குக் கத்திரிக்காயை இரண்டு தரம் நிறுத்தாள்.

“என்ன பண்ணப் போற?” என்று கேட்டாள் நூர்னிசா.

“அவிய வண்டிச் சக்கரத்துப் பட்டை கழண்டுருச்சுன்னு கொல்லன் பட்டறைக்குப் போயிருக்காக. திரும்பி வாரதுக்குள்ள போயிட்டு வந்துருதேன்.”

“நானும் வரவா?”

“ரெண்டு பேராப் போனா ரெண்டு மடங்கு சத்தம் போடுவானுவ. நீ காயைப் பாத்துக்கோக்கா.”

முந்தானையை இழுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டாள். வழி தெரிய ஒரு கண் மட்டும். யார் என்று தெரியாவிட்டால் வலிக்காது என்று நினைத்தாள். புருஷனுக்கும் கேலிப்பேச்சில்லை, தனக்கும் இல்லை. சந்தையைத் தாண்டி வெள்ளைச் சுவரைப் பார்த்து நடந்தாள். நடுவில் இருபது அடி வெட்டவெளி.

புளியமரத்தடியில் காய் நகர்த்துகிற சத்தம் நின்றது.

“ஏலே! வருஷம் கழிச்சு ஒண்ணு வந்துருக்குலே!”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே “ஒண்ணு...” என்று ஆரம்பித்தான் பேச்சிமுத்து. எரிச்சலில் அவள் பல்லைக் கடித்தாள். வருவேனா என்று சொட்டுச் சொட்டாக வந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. “நுப்பத்தாறு... நுப்பத்தேழு...” எண்பதாவதில் எழுந்துவிட்டாள். சேலையைச் சரிசெய்து, முக்காட்டை இழுத்து, கதவில் கை வைக்கப் போனாள்.

வெளியே கொண்டி விழுந்தது.

இரும்பு மேல் இரும்பு விழுகிற சத்தம். அப்புறம் ஓடுகிற கால் சத்தம். அப்புறம் சிரிப்பு. கதவைத் தள்ளினாள், அசையவில்லை. தட்டினாள். தட்டத் தட்ட வெளியே எண்ணிக்கை இன்னும் உரக்கப் போயிற்று. “நூத்திப்பத்து! நூத்திப்பதினொண்ணு! ஏலே, இவ இன்னைக்கு ஆயிரம் போவாலே!”

ஓட்டுக்கு அடியில் வெக்கை தகித்தது. சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. ஜன்னல் என்று ஒன்று இல்லை. சுவர் உச்சியில் ஒரு கை நுழைகிற ஓட்டை. வயிறு கல்லாக இறுகியது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினாள். “தொறங்க! எவனாச்சும் தொறங்கடா!”

“எவலே உள்ள?” என்று யாரோ புதிதாக வந்து கேட்டான்.

அவள் கை அப்படியே நின்றது.

“யாருக்குத் தெரியும் மாப்ளே! முக்காடு போட்டுக்கிட்டு வந்துச்சு. நூத்தி நாப்பதாச்சு, இன்னும் வெளிய வரக் காணும்!”

வந்தவன் சிரித்தான். மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, மூக்கு வழியாக வெடிக்கிற சிரிப்பு. சௌந்தரபாண்டியன் அப்படித்தான் சிரிப்பான். தங்கள் கல்யாணத்தன்றைக்குப் பந்தியில் யாரோ சொன்ன எதற்கோ அவன் சிரித்ததைத்தான் அவள் முதன்முதலில் கேட்டாள், ஆள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால்.

ஒரு வார்த்தை போதும். ‘நாந்தான்’ என்றால் போதும், ஓடி வருவான். அவள் வாயைத் திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். வெளியே நூற்றைம்பது ஆனது. நூற்றறுபது ஆனது. இப்போது எண்ணுகிற குரல்களில் அவன் குரலும் இருந்தது.

“நவுருங்க.” அது ஞானபாக்கியத்தின் குரல். கூடையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“ஏட்டி, கொண்டில கையக் கிய்ய வச்சே, நாளைக்கு வேல இருக்காது பாத்துக்க!” என்றான் பேச்சிமுத்து.

“என்னைய வேலைக்கு வச்சுருக்கதே இதத் தொறக்கத்தான் சாமி. வருஷமாத் தொறக்க ஆளில்லாமக் கெடந்துச்சு.”

கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சண்முகத்தாய் எழுந்து ஓர் அடி வைத்தாள், முழங்கால் மடங்கியது. எதையாவது பிடிக்க வேண்டும் என்று கை நீட்டினாள். தன்னைத் தொட்டால் தீட்டு என்கிற பழக்கத்தில் ஞானபாக்கியம் பின்னால் நகர்ந்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, நின்றாள். அவள் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டு சண்முகத்தாய் வெளியே வந்தாள். முக்காடு எப்போதோ நழுவியிருந்தது.

பேட்டையில் எண்ணிக்கை பாதியில் அறுந்தது. மாட்டுக் கழுத்து மணி மட்டும்.

சௌந்தரபாண்டியன் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றான். நாலு எட்டில் வந்தான். வந்தவன் கண் அவள் முகத்தில் நிற்கவில்லை, கையில் நின்றது.

“அவ கையையா புடிச்சிருக்க?”

“உங்க ஆளுக கொண்டி போட்டாக. இவ எடுத்துவிட்டா. பொறவு யாரு கையப் புடிக்கச் சொல்லுதிய?”

பேச்சிமுத்து துண்டைக் கையில் பிசைந்துகொண்டு முன்னால் வந்தான். “மாப்ளே, சத்தியமாத் தெரியாது. தங்கச்சின்னு தெரிஞ்சா நான் போட்டிருப்பனா?”

“தெரியாதவன்னா போடலாமாக்கும்?” என்றாள் சண்முகத்தாய்.

பேச்சிமுத்து பின்வாங்கினான். சௌந்தரபாண்டியன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “வீட்டுக்குப் போவம். வண்டி பூட்டுதேன், வா.”

“காயி பாதி கெடக்கு.”

“கெடக்கட்டும்!”

அவள் ஞானபாக்கியத்தின் கையை விட்டாள். சந்தைக்கு நடந்தாள். வயிற்றை இடம் வலமாகத் தடவிப் பார்த்தாள். உள்ளே அசைவு தெரியவில்லை. பத்து அடி போவதற்குள் மறுபடி தடவினாள். மெல்ல ஒரு புரளல், மீன் திரும்புகிற மாதிரி. மூச்சு வந்தது. தன் இடத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்து நின்ற புருஷனை நூர்னிசா ஏற இறங்கப் பார்த்தாள். அத்தனையும் சந்தைக்குக் கேட்டிருந்தது.

சண்முகத்தாய் செம்பில் மிச்சமிருந்ததை அண்ணாந்து குடித்தாள். காலிச் செம்பை நூர்னிசாவிடம் நீட்டி, “இன்னும் ஊத்துக்கா” என்று வாங்கி அதையும் குடித்தாள்.

“என்னட்டி இது, வீம்பா?” என்றான் சௌந்தரபாண்டியன்.

“வீம்பில்லை. எரியுது. செத்த நேரத்துல மறுபடி போவணும். நீங்க வந்து வாசல்ல நில்லுங்க.”

“நானா? பொம்பள வாசல்லயா?”

“அவியளப் பாத்து நில்லுங்க. என்னையப் பாக்க வேண்டாம். கொண்டில எவனும் கை வைக்காமப் பாத்துக்கிட்டா போதும்.”

“ஏட்டி, அவனுவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“நான் அங்க உக்காந்து கேட்டேன்,” என்றாள். குரல் ஏறவில்லை. “நூத்தியறுவத்து மூணு வரைக்கும் கேட்டேன். உங்க சத்தம் எனக்குத் தெரியாதா?”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். ஆனால் அவள் எழுந்தபோது அவனும் நடந்தான், இரண்டு அடி முன்னால்.

வெட்டவெளியைக் கடந்தார்கள். அவள் முகத்தை மூடவில்லை. அவன் வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில், பேட்டையைப் பார்த்தபடி, முதுகைக் கதவுக்குக் கொடுத்து நின்றான். யாரோ ஒருவன் இருமினான். இன்னொருத்தன், “மாப்ளைக்கு முனிசிபாலிட்டி உத்தியோகம் கெடச்சிருக்குலே” என்றான். கொஞ்சம் சிரிப்பு. அவன் காது மடல் சிவந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டினான், அவிழ்த்தான்.

சண்முகத்தாய் வெளியே வந்து பார்த்தால் மோர்க்காரி நின்றுகொண்டு இருந்தாள். அவளுக்குப் பின்னால் கீரை விற்கிற இரண்டு பேர். அதற்கும் பின்னால் நூர்னிசா. ஐம்பது வயதுப் பெண்பிள்ளை, ஒரு வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், கல்யாணத்துக்குப் போகிறவளைப்போல் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். ஒவ்வொருத்திக்கும் அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நகர்ந்து வழிவிட்டான்.

தங்கச்சாமி குடையைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். நூர்னிசா அப்போதுதான் உள்ளே போயிருந்தாள்.

“ஏம்ப்பா, அது பொம்பளைக வாசல். அங்க ஆம்பளைக்கு என்ன வேலை? நாளைக்கு ஒருத்தன் பெட்டிஷன் போட்டான்னா நான்ல பதில் சொல்லணும்? வெலகு.”

சௌந்தரபாண்டியன் ஓவர்சியரைப் பார்த்தான். பேட்டையைப் பார்த்தான். அங்கே அவன் உட்காருகிற கல் காலியாகக் கிடந்தது. ஆடுபுலி கட்டத்தில் காய்கள் அப்படியே இருந்தன. ஒரு கால் முன்னால் வந்தது. சண்முகத்தாய் அதைப் பார்த்தாள். இது இன்றைக்கு. அடுத்த சந்தைக்கு? அதற்கடுத்த சந்தைக்கு? பிள்ளை பிறக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. கொண்டி இன்னும் வெளியேதான் இருந்தது.

“ஏட்டி சம்முகம்!” உள்ளே இருந்து நூர்னிசாவின் குரல், பயத்தில் கம்மிப்போய் வந்தது. “ஓம் புருசன் நிக்கானா?”

முன்னால் வைத்த காலை அவன் இன்னும் பின்னால் எடுக்கவுமில்லை, அடுத்த காலை வைக்கவுமில்லை.

“நிக்காக,” என்றாள் சண்முகத்தாய், கொண்டியின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு. “இப்ப நிக்காக. நீ சீக்கிரம் வாக்கா.”