தலைமாட்டுக் கயிறு

பார்லி சூப்புக்கு இஷ்பெல் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தபோது, மேஜையின் மறுமுனையில் மாமா மர்டோ எட்டு அட்டைகளைப் பரப்பினார். அப்பாவின் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறுகள். யாருக்கு எந்தக் கயிறு என்று அட்டையில் எண் போட்டுக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். முதல் எண் தலைமாட்டுக் கயிறு. அது மூத்த பிள்ளைக்கு உரியது.

அந்த அட்டையில் தம்பி டார்கிலின் பெயர் இருந்தது.

"மூத்தவ நான்தானே மாமா?"

"மூத்த ஆம்பளப் பிள்ளைக்கும்மா. பொம்பளைங்க குழிக்கரைக்கே வர்றதில்லையே. நம்ம மரபுச் சங்கத்துப் புத்தகத்துலயே இருக்கு. உங்கப்பா எழுதினதுதான், பக்கம் நாப்பத்தொண்ணு."

இருக்கத்தான் செய்தது. அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவளே அவள்தான். பழைய ஆலை, ஆலயமணி, கல்லறை வழக்கம் என்று அப்பா ஹெக்டர் சொல்லச் சொல்ல, ஒரு குளிர்காலம் முழுக்க அடித்துக் கொடுத்தாள். முன்னுரையில் தபால்காரருக்குக்கூட நன்றி இருந்தது, அவளுக்கு இல்லை. அப்போதே வந்திருக்க வேண்டிய கோபம், அவர் செத்த பிறகுதான் வந்தது. பக்கவாதத்தில் விழுந்த மனிதரை ஏழு வருஷம், தினமும் இரண்டு வேளை, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தவள் அவள். கனடாவிலிருந்து தம்பி கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினான்.

"நான் என்ன பண்ணட்டும்க்கா? கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்," என்றான் அட்டையோடு வந்து நின்ற டார்கில்.

"அதானே உன் பிழைப்பே!"

பகல் பன்னிரண்டுக்கு ஆண்கள் பெட்டியோடு கல்லறை மேட்டில் ஏறினார்கள். சமையலறையில் பெண்கள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்கள். இஷ்பெல் சூப்பை ஒருமுறை கிளறினாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனோடு வெளியே நடந்தாள்.

அவள் குழிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அடக்கத்தை நடத்தும் பெட்டிக்காரர், "ஒண்ணு," என்று கூப்பிட்டுக் கொண்டிருந்தார். டார்கில் கயிற்றை எடுத்தான்.

"கொடுடா."

"இஷ்பெல்! ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்கு," என்று சீறினார் மர்டோ.

"இருக்கட்டும் மாமா. இதையும் அடுத்த பதிப்புல சேர்த்துக்குங்க. டைப் அடிக்க மட்டும் வேற ஆளப் பாருங்க."

யாரோ இருமினார். பாதிரியார் வேதப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டார்கில் மர்டோவைப் பார்த்தான், அக்காளைப் பார்த்தான். கயிற்றை அவள் கையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

மீதி ஏழு பேரும் கூப்பிடக் கூப்பிட வந்து நின்றார்கள். பெட்டி எழும்பியதும் தலைப்பக்கத்துக் கனம் அவள் தோளுக்கு வந்தது. பழகிய கனம்தான். மற்றவர்கள் தடுமாறினார்கள், அவள் பக்கம் மட்டும் ஆடாமல் இறங்கியது.

பெட்டி தரை தொட்டது. ஏழு கயிறுகள் ஒவ்வொன்றாக அதன்மேல் விழுந்தன.

"விட்டுடலாம்மா," என்றார் பெட்டிக்காரர்.

அவள் கையில் இருந்த கயிறு இன்னும் விறைப்பாகவே இருந்தது.