உவைஸ் உதைத்த பந்து

உவைஸ் உதைத்த பந்து இருபத்து மூன்று வருடம் கீழே வரவில்லை. தென்காசி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில், ஆனி மாதச் சாரலில், இந்தியக் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறோம் என்று இரண்டு தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். வந்தது என்னவோ குற்றாலத்தில் குளிக்க; வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று ஒரு மேட்ச் நடத்தினார்கள். அதில் இருபது வயது உவைஸ் ஓங்கி ஒரு உதை விட்டான். செங்கோட்டைக் கணவாய்க் காற்று பந்தை வாங்கிக்கொண்டு மேகத்துக்குள் போனது. எல்லோரும் அண்ணாந்தபடி நின்றார்கள். இருட்டும்வரை பந்து வரவில்லை. நடுவராக இருந்த பி.டி. வாத்தியார் சங்கிலிப்பாண்டி, பந்து கோட்டைத் தாண்டவும் இல்லை, தரையைத் தொடவும் இல்லை, ஆகவே ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். பந்து வரட்டும், பையனைப் பற்றி அப்புறம் முடிவு சொல்லுகிறோம் என்று தேர்வாளர்கள் ஐந்தருவிக்குப் போய்விட்டார்கள்.

மறுநாளிலிருந்து உவைஸ் மைதானத்தை விட்டு நகரவில்லை. ஓரத்தில் வண்டி போட்டு ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்றான். வானம் வெளுக்கும் மாசி, பங்குனியில் பந்து கடுகளவாகத் தெரியும். அருவிக்குப் போகிற வேன்கள் நின்று பார்த்துவிட்டுப் போகும். நூர்நிஷா எல்லாம் தெரிந்துதான் அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் அண்ணன் முகம்மது கனி தம்மாமிலிருந்து இரண்டு தடவை விசா அனுப்பினான். “நான் அங்கன போன நேரத்துல பந்து இங்கன வந்துட்டுன்னா?” என்று கேட்டு உவைஸ் இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டான். ஆசியக் கோப்பை, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று என்று எது வந்தாலும் நம் அணிக்கு வாய்ப்பு எப்படி என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும். மைதானம் சரியில்லை, பயிற்சியாளர் சரியில்லை என்று காரணம் அடுக்கும். தென்காசி டீக்கடைகளில் ஒரே காரணம்தான். பழைய ஆட்டமே முடியவில்லை, புது ஆட்டம் எப்படி விளங்கும் என்பார்கள்.

மகள் ஹஸீபா அண்ணாந்து பார்த்தே வளர்ந்த பிள்ளை. பறக்கிற எதிலிருந்தும் கண்ணை எடுக்க மாட்டாள். அப்படியே கோல்கீப்பர் ஆகி, மாவட்டம், மாநிலம் என்று ஏறி, இந்தியப் பெண்கள் அணிக்கே போய்விட்டாள். அவள் ஆடிய ஒரு மேட்சைக்கூட உவைஸ் நேரில் பார்த்ததில்லை. போனில் பார்ப்பான், அதுவும் ஒரு கண்ணால். மற்றக் கண்ணுக்கு மேலே வேலை இருந்தது. இந்த வருடம் ஆசியப் போட்டி நெருங்கியபோது, இம்முறை நமக்கு வாய்ப்பு உண்டு, கோலுக்கு முன்னால் ஹஸீபா நிற்கிறாள் என்று எழுதினார்கள். முகாமுக்குக் கிளம்பும் அன்று அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மேட்சுக்கெல்லாம் வர வேண்டாம் வாப்பா. ஸ்டேஷன் வரைக்கும் வாங்க. ரயில் ஏத்தி விட்டுட்டுத் திரும்பிருங்க.”

“வருதேம்மா. இந்தா இருக்கு ஸ்டேஷன்,” என்றான் உவைஸ்.

வரத்தான் கிளம்பினான். தேய்த்த சட்டை போட்டிருந்தான். நூர்நிஷாவும் ஊரும் மாலையோடு பொதிகை எக்ஸ்பிரஸ் முன்னால் நின்றார்கள். மைதானத்தைக் குறுக்கே கடந்தால் பிளாட்பாரம். பாதி வழியில் பழக்கதோஷத்தில் மேலே பார்த்தான். சாரலுக்கு நடுவே மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. கடுகு மிளகாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சை ஆனது. ரயில் ஊதியது. ஓடினால் மகளைப் பார்த்துவிடலாம் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் அவனை இன்றைக்கும் தின்கிறது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என்று நின்றான். பந்து வந்தது. நெஞ்சில் வாங்கி, காலுக்கு இறக்கி, ஆடு கட்டியிருந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே அடித்தான். கோல். கைதட்ட ஒரு ஆள் இல்லை. அந்தப் பக்கம் ரயில் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த சங்கிலிப்பாண்டி ஈரப் பந்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பனியனுக்குள் கிடந்த விசிலை எடுத்து நீளமாக ஊதினார். ஒன்றுக்குப் பூஜ்யம், ஆட்டம் முடிந்தது. தேர்வாளர்களில் ஒருவர் காலமாகியிருந்தார். மற்றவர் போனில் விவரம் கேட்டுக்கொண்டு, அப்படியானால் பையனை எடுத்துக்கொள்ளலாம் என்றார். பையனுக்கு நாற்பத்து மூன்று வயது.

கடையநல்லூர் தாண்டியதும் ஹஸீபா போனில் கூப்பிட்டாள்.

“பந்து வந்துட்டாமே வாப்பா?”

“வந்துட்டும்மா. கோலு.”



“நீங்க வந்துருவியன்னு ரயில் வாசல்லயே நின்னேன். பந்து வந்துட்டு, நீங்கதான் வரல.” பிறகு அவளே, “சரி, சாரல்ல நிக்காதீங்க. சாப்பிட்டுட்டுப் படுங்க,” என்று வைத்துவிட்டாள்.

டீக்கடைகளில் இப்போது ஒரே சந்தோஷம். பழைய ஆட்டம் முடிந்தாயிற்று, இனி நம் அணிக்குப் பிரகாசமான வாய்ப்பு என்கிறார்கள். உவைஸிடம் சொன்னால் தலையாட்டுவான், அவ்வளவுதான். அவன் மேலே பார்ப்பதை விட்டுவிட்டான். சாயங்காலம் பொதிகை கிளம்பும் நேரத்துக்குத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போகிறான். கடைசிப் பெட்டி மறையும்வரை கையசைத்துவிட்டுத் திரும்புகிறான். யாரை ஏற்றிவிட வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. பந்து அலமாரிக்கு மேலே இருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் அதிலிருந்து சாரல் சொட்டிக்கொண்டே இருப்பதால் நூர்நிஷா கீழே ஒரு கிண்ணம் வைத்திருக்கிறாள். நிறைந்ததும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறாள்.