கலந்தர் பார்க்காத ஓட்டம்

மாத்தளையில் கொக்கோவும் மிளகும் வாங்கி விற்கிற கலந்தர் முதலாளி ஒரு பந்தயக் குதிரைக்குச் சொந்தக்காரர். ஆனால் அந்தக் குதிரை ஓடி அவர் பார்த்ததில்லை. வெளியே சொன்னால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும் என்று வாயைத் திறக்காமல் இருந்தார்.

எல்லாம் அவராக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய துரை ஒருவரிடம் செந்நிறமாக ஓர் ஆண் குதிரைக்குட்டி இருந்தது. தாயும் தகப்பனும் கப்பலில் வந்த உயர்ந்த ஜாதிக் குதிரைகள். கொக்கோ விலை பேசப் போன கலந்தர், வேலியோரம் ஓர் இடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்த அதைக் கண்டார். போன காரியம் மறந்துபோயிற்று. அவரும் கடையில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காராத ஆள். இனம் இனத்தைக் கண்டுகொண்டது என்று வையுங்களேன்.

வீட்டில் பெரிய ரகளை. மனைவி ஸக்கியாவின் வாப்பா, யட்டவத்தையில் நல்லபடி நடந்த கடையைக் குதிரைப் பந்தயத்தில் தொலைத்தவர். அவள் சம்மதிப்பாளா?

"பந்தயத் திடல்ல கால் வைக்க மாட்டேன்னு வாக்குக் குடுங்க. பொறகு குதிரை வாங்குங்க, யானை வாங்குங்க, எனக்கென்ன."

"வைக்க மாட்டேன். அல்லாஹ் மேல ஆணை."

குட்டி கைக்கு வந்தால் போதும் என்ற அவசரத்தில் சொன்னது. சூது ஹராம், பந்தயம் கட்டப் போவதில்லை என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போது தெரியவில்லை, பாவம்.

குட்டிக்குக் கொக்கோ பிரின்ஸ் என்று பெயர் வைத்தார். கொழும்பில் நுஹ்மான் என்ற பயிற்சியாளர் அதைப் பழக்கினார். முதல் பந்தயத்தன்று கலந்தர் திடலின் மதிலுக்கு வெளியே, வெயிலில், தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். உள்ளே கூட்டம் கத்தியது. எந்தக் குதிரைக்குக் கத்துகிறார்களோ, யார் கண்டது? குளம்புச் சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து, கடந்து, போய்விட்டது. மதிலில் கையை வைத்துப் பார்த்தார். அது அதிர்ந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் நுஹ்மான் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மொதலாளி, கெலிச்சிட்டான்! மத்ததெல்லாம் எங்கயோ கிடக்குது. இப்பிடி ஒரு குட்டி என் கையில வந்ததே இல்ல."

"எப்பிடி ஓடினான்? காலை எப்பிடி வச்சான்?"

"அதை வாயால சொல்ல ஏலுமா? வந்து பாருங்க."

வந்து பார்ப்பதா! இரண்டாவது பந்தயத்துக்கு அவர் கொழும்புக்கே போகவில்லை. மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் கடையில் டெலிபோனைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்று இருந்துவிட்டார். அதிலும் வெற்றி. பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. அந்த இரண்டு வரியைத் தின்று எத்தனை நாள் பசியாற முடியும்?

பிறகுதான் அவருக்கு நுவரெலியா நினைவு வந்தது. சித்திரையில் அங்கே பெரிய பந்தயம். திடல் பள்ளத்தில், ரோட்டு மேட்டில். மேட்டில் நின்றால் கோடியிலிருந்து கோடிவரை தெரியும். ரோட்டில் நின்றால் திடலில் கால் வைத்ததாகுமா? ஆகாது. வாக்கும் நிற்கும், கண்ணும் குளிரும். மனிதர் ஒரு மாதம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிந்தார்.

அந்த ஐம்பத்தாறாம் வருஷம் நோன்பு சித்திரையிலேயே வந்தது. நோன்பு வாயோடு ரோட்டில் நின்று பந்தயம் பார்ப்பதா? மனசு ஒப்பவில்லை. அவர் இல்லாமல் குதிரை ஓடலாம், முன்பு ஓடவில்லையா? அதற்கும் மனசு ஒப்பவில்லை. இந்தத் தடவை பார்த்தே தீருவது என்று ஏங்கிக் கிடந்தவர் அல்லவா? டெலிபோனில் நுஹ்மானைப் பிடித்தார்.

"நோம்பு முடியட்டும். பெருநாளுக்குப் பொறகு வார பந்தயத்தில ஓடட்டும்."

"குதிரைக்கு ஏது மொதலாளி நோம்பு? பையன் இப்பத்தான் பழுத்து நிக்கிறான். இதை விட்டா இப்பிடி ஒரு நேரம் வராது."

"வரும். பட்டியல்ல இருந்து பேரை எடுத்திடுங்க."

வரவில்லை. சித்திரைத் தேர்தலில் ஆட்சி மாறியது. பந்தயத்தை நிறுத்தப் போகிறார்களாம் என்று பேச்சு அடிபட்டது. பேச்சு உண்மையாயிற்று. நுஹ்மான் லாயத்தை மூடிவிட்டுக் குதிரையை லொறியில் ஏற்றி அனுப்பினார். இரண்டே இரண்டு பந்தயம், இரண்டிலும் வெற்றி, அத்தோடு சரி.

அலுவிகாரையில் இருந்த மிளகுக் களஞ்சியத்தில் குதிரையைக் கட்டினார்கள். முதல் வாரங்களில் அது பலகையை உதைத்துப் பிளந்தது. அதன் முதுகில் ஏறத் துணிந்தவர் ஊரில் யாருமில்லை. கலந்தரும் சோறு இறங்காமல் கடைக்கும் களஞ்சியத்துக்கும் நடையாய் நடந்தார். யட்டவத்தையில் மாமனார் விட்டுப்போன வயல் இருந்தது. அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் அங்கே அவிழ்த்து விடலாம், ஒரு தடவையாவது கண்ணாரப் பார்த்துவிட்டு இந்தியாவில் இருந்து விலைக்குக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். மறுபடியும் காத்திருந்தார். கதிர் முற்றுவதற்குள் குதிரை உதைப்பதை விட்டுவிட்டது. வயிறு தொங்கிவிட்டது.

ஒரு பின்னேரம் ஸக்கியாவையும் காரில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனார். கயிற்றை அவிழ்த்தார். குதிரை நான்கு அடி நடந்து, வைக்கோல் போரிலிருந்து ஒரு வாய் இழுத்துத் தின்னத் தொடங்கியது. கலந்தர் கைதட்டினார். துண்டை வீசினார். பின்னால் ஓடி அதட்டினார். அது காதை ஆட்டிவிட்டு இன்னொரு வாய் வைக்கோல் இழுத்தது.

"இது ஓடுற குதிரையே இல்ல. நுஹ்மான் என்னை ஏமாத்தி இருக்கான்" என்றார் அவர்.

ஸக்கியா காரிலிருந்து இறங்கி வந்தாள்.

"அப்பிடிச் சொல்லாதீங்க. அது ஓடினதை நான் பாத்தேன்."

"நீயா?"

"ரெண்டாவது பந்தயத்தன்னைக்கு நான் ஸைனம்பு தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேனே." கொழும்பில் இருக்கிற அக்காவை அவள் தாத்தா என்றுதான் சொல்வாள். "மாடி ஜன்னலைத் திறந்தா திடல் தெரியும். பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஏலாமப் போச்சு."

"என்னைக் கட்டிப் போட்டிட்டு நீ பாத்தியா?"

"நான் வாக்குக் குடுக்கலியே." சொன்னவள் அடுத்த கணமே தலையைக் குனிந்தாள். "அத நெனச்சு நெனச்சு எனக்கும் நித்திரை இல்ல. எப்பிடி ஒங்கட மொகத்தைப் பாத்துச் சொல்றது?"

அவருக்கு அவளை அடிக்கலாம் போலவும் இருந்தது, காலில் விழலாம் போலவும் இருந்தது. வரப்பில் உட்கார்ந்தார்.

"சொல்லு. எப்பிடி ஓடினான்?"

"மொதல்ல எல்லாத்துக்கும் கடைசியாத்தான் வந்திச்சு. பொறகு, என்னன்னு சொல்ல... மத்ததெல்லாம் ஓடிச்சு, இது ஓடின மாதிரியே இல்ல. காலே தெரியல. நான் எழும்பி நின்னு வாய்விட்டுக் கத்திட்டேன்."

"காலை எப்பிடி வச்சான்?"

"அதான் தெரியலன்னு சொல்றேனே."

"மொதல்ல இருந்து சொல்லு."

அவள் முதலிலிருந்து சொன்னாள். கலந்தர் கண்களை இறுக மூடிக்கொண்டு கேட்டார். எவ்வளவு முயன்றும் ஒன்றும் தெரியவில்லை. குதிரை வைக்கோல் மெல்லுகிற சத்தம்தான் காதில் விழுந்துகொண்டிருந்தது.