மாப்பிள்ளை எழுந்து போன மேடை

அரூர் கல்யாண மண்டபத்து வாசலில் வேட்டுச் சத்தம் கேட்டதும் மணப்பெண் மணிமேகலை பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாவட்டம் வந்துட்டாருங்க" என்று மாமனார் முனியப்பன் ஓடினார். அவர் கட்சியில் ஒன்றியச் செயலாளர். கட்சிக்காரர்களுக்குப் பதவிதான் பெயர். காரிலிருந்து மாவட்டம் இறங்கியதும் ஒன்றியம் அதன் காலில் விழுந்தது.

மாப்பிள்ளை தமிழ்மணி ராஜஸ்தானில் சிப்பாய். நிச்சயமான நாளிலிருந்து போனில் அவன் கொஞ்சியதைவிடச் சட்டம் சொன்னதுதான் அதிகம். பட்டாளத்தில் இருப்பவன் அரசியல் கூட்டத்தில் உட்காரக் கூடாது; யார் ஆட்சிக்கு வந்தாலும் பட்டாளம் பொதுவாக இருக்க வேண்டும்; மீறினால் தண்டனை, வேலைகூடப் போகலாம். அப்பாவிடமும் சொல்லியிருந்தான். "கல்யாணம் எப்புட்றா கூட்டமாவும்?" என்று அவர் சிரித்துவிட்டார்.

தாலியை எடுத்துக் கொடுக்க வந்த மாவட்டம், முதலில் மைக்கை எடுத்தார். "மணமக்கள் நூறாண்டு வாழ்க. வருகிற தேர்தலில்..."

தமிழ்மணி மாலையோடு எழுந்து மேடையை விட்டு இறங்கினான்.

"டேய், எங்கடா போற?" முனியப்பன் பதறினார்.

"இது கூட்டம்ப்பா. நான் இருக்கக் கூடாது."

"உன் கல்யாணண்டா இது."

"அவரு வாழ்த்து மட்டும் சொன்னா வரேன்."

முனியப்பன் மாவட்டத்தின் காதைக் கடித்தார். "மணமகன் நாட்டைக் காக்கும் வீரர்" என்றார் மாவட்டம். தமிழ்மணி ஏறி உட்கார்ந்தான். "அந்த நாட்டை யாரிடம் ஒப்படைப்பது என்றால்..." மறுபடி இறங்கினான். மூன்றாம் தடவை மண்டபமே சிரித்தது.

"பாவம், மாப்ளைக்கு வயித்தால போவுதாட்டம் இருக்குது" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

மணிமேகலை சிரிக்கவில்லை. முகூர்த்த நேரம் தாண்டினால் தாலி கட்ட விடமாட்டேன் என்று அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அடுத்த லீவு அடுத்த வருசந்தான். தாலித் தட்டைத் தூக்கிக்கொண்டு மணிமேகலையும் இறங்கினாள்.

"ஏங்க, பந்தியில நிக்கச் சட்டம் வுடுமா?"

அந்த அவசரத்திலும் தமிழ்மணி யோசித்தான். "அங்க மைக் கிடையாதில்ல?"

"சாம்பார் வாளிதான் இருக்குது. வாங்க."

இரண்டு வரிசை இலைகளுக்கு நடுவே அவன் தாலி கட்டினான். மேளக்காரர்கள் தவிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பின்னாலேயே சனமும் வந்தது. அட்சதை பாதி தலையில் விழுந்தது, பாதி கேசரியில் விழுந்தது. மேடையில் மாவட்டமும், அவரை விட்டு நகரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒன்றியமும் மட்டும் மிச்சம்.

அடுத்த வாரம் கல்யாண வீடியோ வந்தது. முதலிலிருந்து கடைசிவரை மாவட்டம்தான்.

"என் மவன் எங்கடா?" என்று முனியப்பன் வீடியோக்காரனைப் பிடித்தார்.

"மாவட்டத்த வுட்டுக் கேமராவ எடுக்காதன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

தமிழ்மணிக்கு மட்டும் பரம திருப்தி. "நான் எங்கயுமே இல்ல பாரு. எங்க ஆபீசருகிட்டயே தைரியமாக் காட்டலாம்."

மணிமேகலை கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "நல்லவேளைங்க, இது இருக்குது. இல்லீன்னா கல்யாணமே நடக்கலன்னு சொல்லிருவீங்க."