எக்குவா அம்மா பாட்டெடுத்த ஞாயிறு

பேராயர் அபாக்கா, எக்குவா அம்மா வீட்டுக்குள் குனிந்துதான் வந்தார். இருந்தும் நெற்றி நிலையில் இடித்துக்கொண்டது. "வீட்டுக்காரங்க எல்லாம் குள்ளம்னு யாரும் சொல்லலையே" என்று தடவிக்கொண்டே சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு அவர் கண் தரைக்குப் போனது. வாசலிலிருந்து நடுக்கூடம் வரை மணல். காலையில்தான் பெருக்கியது. மருமகள் எசிக்கு முகம் சுண்டிப்போனது. அவசரமாகத் துடைப்பத்தை எடுத்தாள்.

"தினமும் பெருக்குறேன் ஐயா. தினமும் வந்துடுது."

"கதவு திறந்து கிடந்தா மணல் வரத்தானே செய்யும்" என்றாள் எக்குவா அம்மா, அடுப்படியிலிருந்து. அதற்கு மேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் போகாது. பக்கத்து வீட்டுக்காரி நான், மீன் வாட்டுகிறவள், இரண்டு வருடமாகக் கேட்டுச் சலித்தவள். அன்று பேராயருக்குச் சாப்பாடு போட ஒத்தாசைக்கு வந்திருந்தேன்.

எங்கள் ஃபான்டி இனத்துக் கரையில் கடலுக்குப் பலி கொடுக்காத தெரு கிடையாது. ஆனால் கடல் எடுத்ததைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும், இரண்டு மூன்று நாளில், பக்கத்து ஊர்க் கரையிலாவது. இரண்டு வருடம் முன்பு கோபினா போன படகு கவிழ்ந்தபோது கூடப் போனவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். அடக்கம் செய்தோம். எக்குவா அம்மாவின் ஒரே மகன் கோபினா மட்டும் வரவில்லை. அவன் செவ்வாய்க்கிழமை பிறந்தவன். செவ்வாய் கடலுக்கு ஓய்வு நாள், அன்று எங்கள் ஊரில் எவனும் வலையைத் தொடமாட்டான். அதனால் கடல் அவனையும் தொடாது என்பது அம்மாவின் வழக்கு. சபையில் மூத்த உறுப்பினர், வேதம் கரைத்துக் குடித்தவர், இப்படிப் பேசலாமா என்று கேட்டால், "நீ பெத்திருந்தா பேசமாட்டே" என்பாள். எனக்குப் பிள்ளை இல்லை.

வீட்டுக் கதவைத் தாழிடக்கூடாது. இரவெல்லாம் சாத்தியபடி மட்டும் இருக்கும், காற்று தள்ளித் திறக்கும், மணல் உள்ளே வரும். யாராவது தட்டினால் "வா, திறந்துதான் கிடக்கு" என்று குரல் கொடுப்பாள். யாரென்று கேட்கவே மாட்டாள். கேட்டால் வந்தவன் மனம் நொந்து திரும்பிவிடுவானாம், பெற்றவளே என் குரலை மறந்துவிட்டாளே என்று. நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனால் ஒரு காலையில் நெருப்புக் கேட்டுப் போனபோது, மணல் வாசலிலிருந்து கோபினா படுக்கும் பாய் வரைக்கும் நேராகப் போய் நின்றிருந்ததைப் பார்த்தேன். காற்று அப்படி வளையாமல் வீசுமா என்று என்னைக் கேட்காதீர்கள். நெருப்பு வாங்காமலே திரும்பிவிட்டேன்.

பேராயருக்குக் கென்கே என்கிற புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் மிளகாய்ச் சாந்தும் வைத்தோம். எக்குவா அம்மா தட்டுகளை அடுக்கினாள். அவருக்கு, எசிக்கு, எனக்கு, தனக்கு. அப்புறம் இன்னொன்று. அந்தத் தட்டில் மீனின் நடுத்துண்டு. பேராயர் அதைப் பார்த்தார். ஜெபம் செய்யும்போது அவர் குரல் ஒரு இடத்தில் நின்று, பிறகு தொடர்ந்தது.

அவர் எங்கள் வட்டாரத்து சபைகளைத் தைரியப்படுத்த வந்திருந்தார். எங்களுக்குத் தைரியம் தேவையாகத்தான் இருந்தது. கடைத்தெருவில் ஒலிபெருக்கி வைத்த புது ஜெபக்கூடம் வந்து பாதிப்பேரை இழுத்துக்கொண்டுபோய்விட்டது. ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. எங்கள் சபையில் பாட்டு நின்றுபோயிருந்தது.

பாமாலைப் பாட்டைச் சொல்லவில்லை, அது வாத்தியத்தோடு நடந்துகொண்டுதான் இருந்தது. நான் சொல்வது நடுப் பிரசங்கத்தில் எடுக்கும் பாட்டு. போதகர் பேசிக்கொண்டிருப்பார். அவர் சொன்னது மனதில் தைத்தால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து பாட்டெடுப்பாள், அந்த வசனத்தையே, அந்தக் கணத்தில் கட்டி. பேராயரே ஆனாலும் பேச்சை நிறுத்தியாக வேண்டும். சபை முழுக்கப் பதில் பாட வேண்டும். எடுத்தவளே முடித்தபிறகுதான் அவர் தொடரலாம். எங்கள் ஊரில் ஒரு போதகர் தொடர்ந்து மூன்று வாரம் ஒரு பாட்டும் விழாமல் பேசிவிட்டு, தானாகவே மாற்றல் கேட்டுக்கொண்டு போனார். எக்குவா அம்மாதான் எங்கள் பாட்டெடுப்பவள். அவள் முதல் அடியை வீசுவாள். கடைசி பெஞ்சில், ஜன்னலோரம், கரையிலிருந்து தாமதமாக வந்து ஈரக் காலோடு உட்கார்ந்திருக்கும் கோபினா அடித்தொண்டையில் பிடித்துக்கொள்வான். அவன் போனபிறகு அவள் வாய் திறக்கவில்லை. அவள் இருக்கும்போது வேறு யாரும் எடுக்கத் துணியவில்லை. அந்தக் கடைசி பெஞ்சிலும் யாரும் உட்காருவதில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவ முற்றத்துக்கு வந்தபோது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே எசி கேட்டுவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஐயா, நாளைக்குப் பிரசங்கத்துல அவர் பேரைச் செத்தவங்களோட சேர்த்துச் சொல்லுங்க. ஒரு தடவை போதும்."

"உன் அத்தைக்குத் தெரியுமா, மகளே?"

"அத்தை ஒத்துக்க மாட்டாங்க. சடங்கு முடியாம எங்க அம்மா வீட்டுக்கு நான் போக முடியாது. கறுப்பு கட்டவும் முடியாது, கலர் கட்டவும் முடியாது. நான் யாரு ஐயா? பொண்டாட்டியா, விதவையா? ராத்திரி கதவு அசைஞ்சா அத்தை எழுந்து உக்காருறாங்க. நான் போர்வையை இழுத்து மூடிக்கிறேன். என் புருஷன் வந்துடுவாரோன்னு நானே பயப்படுறேன் ஐயா."

பேராயர் கையை அங்கியிலேயே துடைத்துக்கொண்டார். பிறகு, "சொல்றேன்" என்றார். திரும்பினால் அடுப்படி வாசலில் எக்குவா அம்மா நிற்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "ஐயாவுக்குத் துண்டு வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஆலயம் நிரம்பியிருந்தது. ஜெபக்கூடத்துக்கு ஓடியவர்கள்கூடப் பேராயரைப் பார்க்க வெட்கமில்லாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எக்குவா அம்மா வெள்ளை உடுத்தித் தலையில் வெள்ளைக் கட்டோடு தன் இடத்தில் இருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில். பேராயர் நன்றாகப் பேசுகிறவர். புயலில் சீஷர்கள் படகில் பயந்ததைச் சொன்னார், எங்களுக்குத் தெரிந்த அலைதான். சபை சாய்ந்து கேட்டது. "இந்தக் கரையிலும் படகு ஏறிப்போய்த் திரும்பாதவர்கள் உண்டு" என்று ஆரம்பித்தார்.

எக்குவா அம்மா எழுந்தாள். பாட்டெடுத்தாள்.

யோனாவைப் பற்றி. மீன் விழுங்கியது, மூன்றாம் நாள் கரை. பிறகு சபை வெடித்தது. இரண்டு வருடம் கழித்து எங்கள் அம்மா பாடுகிறாள்! கைக்குட்டைகள் பறந்தன, பெரிய மேளம் தானாகச் சேர்ந்துகொண்டது, எனக்குக் கண்ணீர் கொட்டியது. பேராயரே பீடத்தில் ஆடினார். பாட்டு முடிந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "திரும்பாதவர்களில் ஒருவன்" என்றார்.

அவள் மறுபடி எழுந்தாள். இப்போது பேதுரு. அலையில் மூழ்கப்போனான், கை நீண்டது, தூக்கியது. சபை பதில் பாடியது, கொஞ்சம் தயங்கி. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவள் ஆராதிக்கவில்லை. வாயை அடைக்கிறாள். எசி எங்கள் வரிசைக் கோடியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

பேராயர் மூன்றாம் முறை வாய் திறப்பதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள். இந்த முறை எடுத்தது பெரிய பாட்டு. "எங்கே, எங்கே ஆதாம்?" என்று எடுப்பவள் கேட்க வேண்டும், "அவர் கையிலே, அவர் கையிலே" என்று சபை சொல்ல வேண்டும். ஆண்டவர் கைக்குப் போய்ச் சேர்ந்தவர்களாக வேதத்தில் உள்ள பெயர் எல்லாம் வரலாம், ஒரு பெயர் இருமுறை வரக்கூடாது. ராக்காலத் துக்க வீட்டில் விடியும்வரை ஓட்டுகிற பாட்டு அது. முடிவே இல்லாமல் பாடலாம் என்றுதான் எடுத்திருக்கிறாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. பயமா, எசி மேல் பரிதாபமா, தெரியாது. நானும் சொல்லவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, என் தோழி தனியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்த பாட்டு பதில் இல்லாமல் தொங்குவதைப்போல் கொடுமை எங்கள் ஆலயத்தில் வேறு கிடையாது.

அப்போது அடித்தொண்டையில் ஒரு குரல் வந்தது. "அவர் கையிலே, அவர் கையிலே." கடைசி பெஞ்சுப் பக்கமிருந்து. சபை மொத்தமும் திரும்பியது. பெஞ்சு காலி. ஜன்னல், அதற்கப்பால் கடல். பாடியது பேராயர். முன்னாலிருந்துதான் பாடினார், பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அப்படித்தான் பிறகு எல்லாரும் பேசி முடிவு செய்தோம். எக்குவா அம்மா மட்டும் முன்பக்கம் திரும்பவில்லை. பீடத்துக்கு முதுகைக் காட்டி அந்தப் பெஞ்சைப் பார்த்து நின்றபடியே பாடினாள்.

நோவா எங்கே? அவர் கையிலே. ஆபிரகாம், யோசேப்பு, மோசே. பேராயர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார், அவசரப்படுத்தவில்லை, அடக்கவும் பார்க்கவில்லை. ரூத், அன்னாள், சாமுவேல். வீங்கிய முழங்காலோடு பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தீர்க்கதரிசிகள் முடிந்தார்கள். அப்போஸ்தலர்கள் முடிந்தார்கள். அவள் குரல் கட்டிப்போனது. பெயர்கள் தீர்ந்துகொண்டிருந்தன, தேடித் தேடி எடுத்தாள், யாருக்கும் நினைவில்லாத ராஜாக்களைக்கூட எடுத்தாள். நான் அவள் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள். வாயைத் திறந்தாள். அடுத்த பெயர் வரவில்லை. பாட்டு நிற்கவும் விடவில்லை, தாளம் அவளைத் தள்ளியது.

"எங்கே, எங்கே கோபினா?"

தவறி விழுந்துவிட்டது. அவள் கை தானாக வாய்க்குப் போனது.

பேராயர் பதில் சொல்லவில்லை. அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். பீடத்தின் கைப்பிடிமேல் தலை குனிந்துகொண்டார். கேள்வி ஆலயத்துக்கு நடுவில் நின்றது. வெளியே அலை ஒருமுறை வந்து போனது.

"அவர் கையிலே" என்றாள் எசி. பாடவில்லை, பேச்சுக்குரலில் சொன்னாள். பிறகு எழுந்து நின்று, ராகத்தோடு, இன்னொரு முறை. "அவர் கையிலே." இரண்டாம் முறைதான் நாங்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டோம்.

எக்குவா அம்மா உட்கார்ந்தாள். பேராயர் பிரசங்கத்தைத் தொடரவில்லை. அந்தப் பெயரை அவர் சொல்லவேயில்லை. ஆசி கூறி முடித்துவிட்டு, இறங்கி வந்து, அவள் காலடியில் தரையில் உட்கார முயன்றார். முழங்கால் விடவில்லை. அவள்தான் அவர் கையைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தாள்.

சபையில் அந்தப் பெயர் விழுந்ததே போதுமென்று, திங்கட்கிழமை எசி கறுப்பு கட்டிக்கொண்டு தன் அண்ணனோடு அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது வீட்டைப் பெருக்கிவிட்டுத்தான் போனாள். எக்குவா அம்மா வழிக்குச் சோறு கட்டிக்கொடுத்தாள்.

செவ்வாய் காலை, கடலில் ஒரு படகும் இல்லை. வாட்டிய மீன் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். வழக்கம்போல் தோளால் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. இன்னொருமுறை தள்ளியபிறகுதான் புரிந்தது, தாழிட்டிருக்கிறது. நிலைப்படிக்கு வெளியே ராத்திரி வந்த மணல் மேடாகக் குவிந்து நின்றிருந்தது. அதில் என் காலைத் தவிர வேறு காலடி ஏதாவது இருக்கிறதா என்று நான் குனிந்து பார்க்கவில்லை. கதவைத் தட்டினேன்.

உள்ளே பாய் சரசரத்தது. யாரோ எழுந்து கதவருகே வந்து நிற்பது தெரிந்தது. மூச்சு கேட்டது.

"யாரது?" என்றாள் எக்குவா அம்மா.

இரண்டு வருடமாக அவள் யாரையும் கேட்காத கேள்வி. கையில் மீனோடு நின்றேன். என் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.