ஒரு வளவு, மூன்று அடுப்பு

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் இறைச்சி பங்கிடும் பட்டியலை எக்செலில் ஒழுங்குபண்ணும் பொறுப்பைப் பள்ளிவாசல் செயலாளர் முத்தலிப் ஹாஜியார் றிஸ்னாவின் தலையில் கட்டியிருந்தார். கொம்பியூட்டர் வகுப்பு எடுக்கிறவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்பது அவர் எண்ணம். போன வருடம் சில வீடுகளுக்கு இரண்டு பங்கு போய்ப் பேச்சாகிவிட்டது. ஆகவே ஒரே முகவரி திரும்ப வந்தால் அழித்துவிடும்படி எக்செலுக்குக் கட்டளை கொடுத்தாள். பட்டியல் கண்மூடித் திறப்பதற்குள் சுருங்கியது. தன்னைத்தானே மெச்சிக்கொண்டு ஹாஜியாரின் போனுக்கு அனுப்பினாள். அவர் அதை ஊருக்கே அனுப்பிவிட்டார்.

பிறகுதான் தங்கை றுஸ்தாவின் பெயரைத் தேடினாள். பாசத்தில் அல்ல. இருவர் வீட்டுக்கும் நடுவில் மதில் கட்டிய சண்டையில் இருவருக்கும் ஒரு வருடமாகக் கதை பேச்சு இல்லை. அவளுக்கு எத்தனை பங்கு என்று பார்க்கிற குறுகுறுப்பு. பெயரே இல்லை. நல்லா வேணும் என்று றிஸ்னாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த கணம்தான் காரணம் உறைத்தது. இந்த ஊர்ப்பக்கத்தில் உம்மாவின் வளவிலேயே, அந்த ஒரே காணிக்குள், மகள்மாருக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். வீடு மூன்றானாலும் முகவரி ஒன்று. எக்செலுக்கு அது எங்கே தெரியும்? முதலில் நிற்கும் பெயரை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துடைத்துவிட்டது. பட்டியலைத் தன் வீட்டிலிருந்து எழுதத் தொடங்கியவள் றிஸ்னா. மிஞ்சியது அவள் பெயர்.

பழைய பிரதியை மீட்டாள். அடுப்புக்கென்று பட்டியலில் புதிதாக ஒரு நெடுவரிசை போட்டாள். தனியாகச் சோறாக்கினால் தனிப் பங்கு. முகவரியைப் பார்த்து இனி எதையும் அழிப்பதில்லை. பிறகு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மதிலைச் சுற்றிப் போனாள்.

றுஸ்தா போனும் கையுமாக வாசலில் நின்றாள். "என்ட பேர வெட்டிட்டீங்க."

"நான் வெட்டல்ல. பார், பக்கத்து வளவு முனவ்வறாட தங்கச்சிமார்ர பேரும் போயிருக்கு. வளவு ஒண்டா இருந்தா எல்லாம் போயிருக்கு."

றுஸ்தா திரையிலிருந்த பெயர்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "என்ட பேர் இல்ல எண்டதும் சந்தோஷமா இருந்திச்சா?"

"ஓம். கொஞ்சம்."

"எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்." றுஸ்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நம்மட வளவுக்கு மூணு அடுப்பு எண்டு போடுங்க றாத்தா. உம்மாவும் தனியத்தானே ஆக்குறா. உம்மாட பேரும் போயிருந்திச்சே, பாத்தீங்களா?"

றிஸ்னா பார்க்கவில்லை. தேடியது றுஸ்தாவின் பெயரை மட்டும்தான்.