கூண்டுக்குள் கை

ஏசுஅடிமை கூண்டுக் கதவைத் தூக்கி இடதுகையை உள்ளே விட்டான். மூலையில் குந்தியிருக்கும் குரங்கின் முதுகைத் தொட்டு, டாக்டர் போதும் என்று சொல்லும்வரை கையை அங்கேயே வைத்திருக்க வேண்டும். கையுறை கூடாது. உறையைக் கண்டால் குரங்கு ஒதுங்கிவிடுமாம், வெறும் விரலைக் கண்டால்தான் அதன் சுபாவம் வெளிப்படுமாம். அப்படித்தான் டாக்டர் நீலகண்டன் சொல்லியிருந்தார்.

குலசேகரத்துக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு மருந்துக் கம்பெனி போட்டிருந்த ஓட்டுக் கட்டடம் அது. பைத்தியம் பிடித்தவர்களை அடக்க ஊரில் கொடுக்கிற அமல்பொரி வேரை இடித்துச் சாறெடுத்து, குரங்குகளை வலையில் பிடித்து ஊசி போட்டுப் பார்த்தார்கள். கூண்டுக்கு ஒன்றாக இருந்த ஆறு குரங்குகளில் மூன்றுக்கு மருந்து, மூன்றுக்கு வெறும் உப்புத்தண்ணீர். எதற்கு எது என்பது டாக்டருக்கு மட்டுமே தெரியும்.

"ஒனக்குத் தெரிஞ்சா, தண்ணி போட்டதுக்கிட்ட நீ பயந்து பயந்து போவ. நீ பயந்தா அதுக்குத் தெரிஞ்சிரும். பெறவு சோதனை எப்பிடிலே சரியா வரும்?" என்று அவர் முதல் நாளே விளக்கிவிட்டார். பயப்படாமல் இருக்க அவர் சொன்ன வழி அவ்வளவுதான்.

இதற்கு முன் இந்த வேலையில் இருந்தவனுக்குச் சுண்டுவிரல் போயிருந்தது. ஏசுஅடிமை ரப்பர் மரம் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டுக்காரன். தோட்டத்தில் கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளியபோது வேலை போனது. மழை விட்டதும் மேல்தோட்டத்தில் எடுத்துக்கொள்வதாகக் கங்காணி சொல்லியிருந்தான். அதுவரை கத்தி பிடிக்கிற வலதுகை முழுசாக இருக்க வேண்டும் என்றுதான் இடதுகையை விட்டான். தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போனவர்களைப் புதுக்கடையில் போலீஸ் சுட்டதிலிருந்து வேறு ஊர் போய் வேலை தேடவும் பயமாக இருந்தது.

அவன் மனைவி தங்கபாய்க்கும் அங்கேதான் வேலை. வேர் இடிப்பாள், குரங்குகளுக்கு மரச்சீனிக் கிழங்கு அவிப்பாள். கூண்டுக் கதவு தூக்குகிற சத்தம் கேட்டால் அவள் உலக்கை தானாக நின்றுவிடும். அவன் வெளியே வந்ததும் முதலில் கையைத்தான் பார்ப்பாள், பிறகுதான் முகத்தை. ஒருநாள் கட்டைவிரலுக்குக் கீழே சதை பிய்ந்து வந்தான். மறுநாள் துணி சுற்றிய கையோடு மறுபடியும் போனான்.

அன்றிலிருந்து தினமும் அவள் இடித்த வேர்ப்பொடியில் கொஞ்சம் அள்ளிக் கிழங்கில் பிசைந்தாள். எதற்குத் தண்ணீர் என்று தெரியாததால் ஆறுக்கும் பிசைந்தாள். அவள் அப்பனுக்குச் சித்தம் கலங்கியபோது அம்மை இப்படித்தான் கஞ்சியில் கலந்து கொடுத்தாள். அளவெல்லாம் அவளுக்கு விரல் அளவுதான்.

கொஞ்ச நாளில் ஆறும் அடங்கின. இமை பாதி மூடி, தலை தொங்கி உட்கார்ந்திருந்தன. ஏசுஅடிமைக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ஏட்டி, அதுவ எனக்கிட்ட இணங்கிட்டுது. மூலைக்கூண்டுல உள்ளவன் எனக்க கையில தலைய வச்சு ஒறங்குயான், கேட்டியா!"

அவன் சிரித்து நாளாகியிருந்தது. சொல்லிவிட வாயெடுத்த தங்கபாய், அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனமில்லாமல் விழுங்கிக்கொண்டாள். பிறகு அவன் இடது வலது பார்ப்பதையும் விட்டுவிட்டான். வாகான வலதுகையையே உள்ளே விட்டான்.

டாக்டருக்குத்தான் மண்டை காய்ந்தது. தண்ணீர் போட்டவையும் ஏன் தூங்கி வழிகின்றன? ஊசியை அடியோடு நிறுத்தினார். கிழங்கை நிறுத்திவிட்டுப் பழத்தைத் தன் கையாலேயே போட்டார். தான் சொல்லும்வரை இருவரும் கூண்டறைக்குள் வரக் கூடாது என்றார்.

உரலடியில் இருந்த தங்கபாய்க்கு நாளாக ஆகக் கம்பி குலுங்குகிற சத்தம் கேட்டது. ஏசுஅடிமையும் கேட்டான்.

"பசியில கெடந்து சாடுதுவ. என்னையக் கண்டா அடங்கிரும்," என்றான்.

உண்மையைச் சொன்னால் திருட்டு என்று இருவரையும் போலீஸில் கொடுப்பார்கள். சொல்லாவிட்டால் கை. இரண்டு பயத்துக்கும் நடுவில் அவள் நாளைத் தள்ளினாள். ஒரு காலையில் டாக்டர் கூப்பிட, ஏசுஅடிமை சட்டைக்கையை மடக்கிக்கொண்டு விசிலடித்தபடி போனான். தங்கபாய் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"கைய உள்ள போடாதீய!" என்று அலறினாள். "ஐயா, நாந்தான் கெழங்குல வேர்ப்பொடி கலக்குனேன். எல்லாத்துக்கும் கலக்குனேன். இவரக் கடிச்சிருமோன்னு பேடிச்சுச் செய்துட்டேன். அதுவ இவருக்கிட்ட இணங்கல்ல ஐயா!"

ஏசுஅடிமை கூண்டைப் பார்த்தான். இமைகள் முழுக்கத் திறந்திருந்தன. குரங்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டியது. அவன் கை தானாகவே மார்போடு ஒட்டிக்கொண்டது.

டாக்டர் சத்தம் போடவில்லை. "ஒண்ணுக்கு எவ்வளவு போட்ட?" என்று கேட்டார். அவள் மூன்று விரலைக் குவித்துக் காட்டினாள். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்பம் மருந்து வேலை செய்யத்தான் செய்யுது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அவளிடம், "நீ நாளையிலேருந்து வரண்டாம்," என்றார்.

"நான் ஐயா?" என்றான் ஏசுஅடிமை.

"நீ ஏன்லே நிக்க? கதவத் தூக்கு. மருந்து இல்லாம எப்பிடி இருக்குன்னு இன்னைக்குத்தானே பாக்கணும்."

"எடது கைய விடட்டா ஐயா?"

"இத்தன நாளும் வலதுதானே விட்ட? இப்பம் மாத்துனா ஒத்துப் பாக்க முடியாதுல்லா."

ஏசுஅடிமை தங்கபாயைப் பார்த்தான். அவள் வேலை போய்விட்டது. கதவைத் தூக்கினான். குரங்கு மூலைக்குப் போகவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்து, அவன் வெறும் விரல்களையே பார்த்தது.

"ம்," என்றார் டாக்டர்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டான். தங்கபாய் தன் வலதுகையை இடதுகையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.